நடு நட்டைத் தொடாதீர்கள்: ஷாக், ஸ்பிரிங் பிரிப்பது பற்றிக் கேள்வி பதில்

காரின் ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் வீட்டிலேயே பிரித்து மாற்ற நினைப்பவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கின்றன. வந்த வரிசையிலேயே போகிறேன்.

கேள்வி: முன் ஷாக் ஒழுகுகிறது. பானெட்டைத் திறந்தால் நடுவில் ஒரு நட்டும் அதைச் சுற்றி மூன்று நட்டும் தெரிகின்றன. எதைக் கழற்ற வேண்டும்?

பதில்: சுற்றியுள்ள மூன்றை. நடு நட்டில் கையே வைக்காதீர்கள். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் ஆளைச் சாய்க்கக்கூடியது இந்த ஒரு நட்டுதான்.

அந்த மூன்று நட்டும் மொத்த அசெம்ப்ளியை, அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுப்பை, பாடியோடு பிடித்திருப்பவை. நடு நட்டு ஷாக்கின் தண்டு முனையில் இருப்பது. ஸ்பிரிங்கின் கீழ் நுனி ஷாக் உடம்பில் வெல்ட் செய்த தட்டில் உட்கார்ந்திருக்கும், மேல் நுனி டாப் மவுண்ட்டுக்கு (ஷாக்கை மேலே பாடியோடு சேர்க்கும் தாங்கி) அடியில் உள்ள தட்டை முட்டிக்கொண்டு நிற்கும். அந்த மேல் தட்டு பறந்துவிடாமல் பிடித்திருப்பது நடு நட்டு ஒன்றே. காரிலிருந்து கழற்றி மேசையில் படுக்க வைத்தாலும் ஸ்பிரிங் உள்ளே அமுங்கித்தான் இருக்கிறது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் கிடக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மி.மீ. அமுக்க 25 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். அது தன் இயல்பான நீளத்தைவிட 10 செ.மீ. குறுகி உட்கார்ந்திருந்தால் மேல் தட்டைத் தள்ளும் விசை 2,500 நியூட்டன், ஏறக்குறைய 250 கிலோ பாரம். உள்ளே அடைபட்டிருக்கும் ஆற்றல் 125 ஜூல். 10 கிலோ கல்லைக் கிட்டத்தட்ட 1.3 மீட்டர் உயரத்திலிருந்து காலில் போட்டதற்குச் சமம். கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கைக் கொக்கியால் பிடித்து மரை முறுக்கி அமுக்கும் கருவி) மாட்டி இன்னும் 3 செ.மீ. அமுக்கினால் 211 ஜூல் ஆகிவிடும், கல் இப்போது 2 மீட்டருக்கும் மேலே போய்விட்டது. அதாவது கம்ப்ரஸர் மாட்டியதும் ஆபத்து குறைவதில்லை, கூடுகிறது. நடு நட்டின் மேல் இருந்த பாரம் கம்ப்ரஸர் கொக்கிக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துத் திருப்பினால் தட்டுக்குள் லொடலொடவென்று சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றும்வரை நடு நட்டு என்று ஒன்று அங்கே இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காரிலிருந்து அசெம்ப்ளியைக் கழற்றும் வரிசையைச் சொல்லுங்கள்.

பதில்: பின் சக்கரங்களுக்கு அடை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வேலை செய்ய வேண்டாம். சக்கரம் கழன்ற பிறகு பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், ஸ்டெபிலைசர் லிங்க் மூன்றையும் ஷாக்கிலிருந்து விடுவியுங்கள். அப்புறம் நக்கிளை (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புப் பாகம்) ஷாக்கோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட். கழற்றும் முன் அவை இருக்கும் இடத்தைப் பெயின்டால் கோடு போட்டு வையுங்கள், பல கார்களில் சக்கரத்தின் சாய்வு அந்த ஓட்டையில்தான் இருக்கிறது. நக்கிளை ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், வெளிப்பக்கம் சாய்ந்தால் ஹோஸ் இழுபடும், டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட்டும் பிரியலாம். மேலே உள்ள மூன்று நட்டு கடைசி. ஒரு கை கீழே தாங்கிக்கொண்டிருக்கட்டும், எடை திடீரென்று இறங்கும்.

கேள்வி: கம்ப்ரஸர் கொக்கியை எத்தனையாவது சுற்றில் மாட்டுவது?

பதில்: இரண்டு கம்ப்ரஸரும் நேருக்கு நேர் எதிரில் வர வேண்டும். கொக்கிகளுக்கு நடுவே எவ்வளவு அதிகம் சுற்றுகள் அடங்குமோ அவ்வளவு நல்லது. நடுவில் இரண்டு சுற்றை மட்டும் பிடித்து இறுக்கினால் அந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மற்றவை அப்படியே விறைத்து நிற்கும். மாட்டும் முன் கம்ப்ரஸர் மரையில் கிரீஸ் தடவுங்கள், ஸ்பிரிங் கம்பியில் எண்ணெய்ப் பசை இருந்தால் துடைத்துவிடுங்கள்.

இந்தப் பக்கம் இரண்டு சுற்று முறுக்கினால் அந்தப் பக்கம் இரண்டு. ஒரு பக்கம் முந்தினால் ஸ்பிரிங் வாழைப்பழம்போல் வளையும். வளைந்த ஸ்பிரிங்கில் கொக்கி கம்பியோடு சறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகப் போகும், எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆனது. மேலே போகப்போகக் குறுகும் ஸ்பிரிங் அது. கொக்கியின் பாதுகாப்புப் பின்னைப் போடாமல் விட்டிருந்தேன். முதலில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், கொக்கி அரை விரல் அளவு நகர்ந்திருந்தது. கையை எடுத்துப் பின்னால் நகர்ந்தேன், அடுத்த நொடி மொத்த அசெம்ப்ளியும் மேசையிலிருந்து எகிறிச் சுவரில் மோதியது. நடு நட்டைத் தொடாமல் இருந்ததால் பாகங்கள் சிதறவில்லை. அன்றிலிருந்து பின் போடாமல் ஒரு சுற்றுக்கூட முறுக்குவதில்லை. ஸ்பிரிங்கின் முனை நோக்கி நிற்பதும் இல்லை, நடு நட்டுக்கு நேர் மேலே குனிந்து பார்ப்பதும் இல்லை.

கேள்வி: கம்ப்ரஸர் இல்லை. நல்ல கயிற்றால் சுற்றுகளைக் கட்டிவிட்டு நட்டைக் கழற்றலாமா?

பதில்: கூடாது. கயிறு நீளும், முடிச்சு இறுகும், அந்த இடைவெளி முழுவதையும் ஸ்பிரிங் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: கயிறு சரிப்படாது என்றால் தடிமனான கட்டுக் கம்பி?

பதில்: அதுவும் கூடாது.

கேள்வி: காரின் எடை ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டுதானே இருக்கிறது? அப்படியே தரையில் நிற்கும்போது நடு நட்டைக் கழற்றிவிட்டால்?

பதில்: கழற்றிய பிறகு காரைத் தூக்கத்தானே போகிறீர்கள்? தூக்கும்போது ஸ்பிரிங் நீளும், மேலே பிடிக்க எதுவும் இருக்காது. பழகிய மெக்கானிக்குகள் சிலர் கார் தரையில் நிற்கும்போது அந்த நட்டைக் கால் சுற்று தளர்த்தி மட்டும் வைப்பார்கள். முதல்முறை செய்கிறவர்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன். கயிறு, கம்பி, கார் எடை என்று இனி வரும் கேள்விகள் எல்லாவற்றுக்கும் முதல் பதில்தான் பதில்.

கேள்வி: கையால் முறுக்கினால் அரை மணி நேரம் ஆகிறது. கம்ப்ரஸரை இம்பாக்ட் கன்னால் (அடித்து அடித்து நட்டைத் திருப்பும் கருவி) இறுக்கலாமா?

பதில்: வேண்டாம். மரை சூடாகித் தேயும், இரண்டு பக்கமும் சமமாகப் போகாது.

அதற்கு இன்னொருவர்: பத்து வருடமாகக் கன்னில்தான் செய்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை சார். உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தது எனக்கும் நிம்மதிதான். ஆனால் அந்த மரை என்ன செய்கிறது என்று பாருங்கள். நூறு கிலோவுக்கு மேல் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நகரும் மரை அது. கன் அதை நொடிக்குப் பல அடி அடித்துத் திருப்புகிறது. கிரீஸ் பிதுங்கி வெளியே போய்விட்டால் இரும்பும் இரும்பும் உரசிப் பற்றிக்கொள்ளும். அடுத்த முறை பார்த்தால் மரையில் வெள்ளி நிறத் துகள் மினுங்கும். அந்தத் தேய்மானம் பத்து வருடமும் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே வரும், விடுவது ஒரே ஒருமுறைதான்.

அதைவிட முக்கியம் கை. ரெஞ்சில் முறுக்கும்போது எந்தப் பக்கம் கனம் கூடுகிறது என்று கை சொல்லிவிடும். நான் சொன்ன அந்த 'டிக்' சத்தம் கன் ஓடும்போது காதில் விழவே விழாது.

வேறொருவர்: ஒர்க்‌ஷாப்பில் கன் போட்டுத்தானே கழற்றுகிறார்கள்?

பதில்: அங்கே இருப்பது பெரும்பாலும் சுவரிலோ தரையிலோ நிற்கும் கம்ப்ரஸர். அகலமான தாடை ஸ்பிரிங்கை மேலும் கீழும் முழுதாகப் பிடித்து நேராக அமுக்கும். இரண்டு கம்பியும் நான்கு கொக்கியும் உள்ள நம்முடையதை அதோடு ஒப்பிட முடியாது. நீங்கள் பார்த்த கன் நடு நட்டுக்காக இருந்திருக்கும்.

முன்னவர் மறுபடியும்: கிரீஸ் நிறையப் போட்டு, கன்னைக் குறைந்த வேகத்தில், பக்கம் மாற்றி மாற்றிக் கொடுத்தால்?

பதில்: சூடு குறையும், ஒப்புக்கொள்கிறேன். சமமாகவும் போகலாம். கைக்குத் தெரிவது மட்டும் திரும்ப வராது. பாரமே ஏறாத தொடக்கச் சுற்றுகளை எதை வைத்து வேண்டுமானாலும் ஓட்டுங்கள். கொக்கி கடித்துப் பிடித்த பிறகு ரெஞ்ச்தான், தளர்த்தும்போதும் ரெஞ்ச்தான். தளர்த்துவதில் அவசரப்பட்டு ஒரு பக்கத்தை முழுதாக விட்டுவிடுகிறவர்களும் உண்டு, மொத்த பாரமும் மற்றக் கம்பியில் ஏறிவிடும்.

மூன்றாமவர்: அப்படியென்றால் நடு நட்டுக்குக் கன் சரியா?

பதில்: ஸ்பிரிங் லொடலொடவென்று சுற்றுகிறது, பழைய ஷாக் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது என்றால் கழற்றுவதற்குச் சரி. புதிய ஷாக்கில் இறுக்கக் கூடாது. தண்டு உள்ளே கிறுகிறுவென்று சுற்றும், உள்ளிருக்கும் சீலும் பிஸ்டனும் அதற்காகச் செய்தவை அல்ல. கன் பற்றி இதோடு நிறுத்திக்கொள்கிறேன், வேறு கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி: நட்டைத் திருப்பினால் தண்டும் சேர்ந்து சுற்றுகிறது.

பதில்: தண்டின் உச்சியைப் பாருங்கள், ஆலன் கீ போடக் குழியோ, ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான பக்கமோ இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு வளைந்த ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்புங்கள். பளபளப்பான தண்டை மட்டும் பிளேயரால் பிடிக்காதீர்கள். ஒரு கீறல் போதும், மேலும் கீழும் ஓடும்போது சீலைக் கிழித்துவிடும், புது ஷாக் சீக்கிரமே ஒழுக ஆரம்பிக்கும்.

கேள்வி: ஒரு பக்கம்தான் ஒழுகுகிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: ஒரே ஆக்ஸிலில் இரண்டையும் மாற்றுங்கள். பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடங்க வேண்டும்.

கேள்வி: பின்பக்கம் ஷாக் தனியாக, ஸ்பிரிங் தனியாக இருக்கிறது. அதற்கும் கம்ப்ரஸர் வேண்டுமா?

பதில்: ஷாக்கை மட்டும் மாற்றுவதற்குப் பெரும்பாலும் வேண்டாம். ஆனால் கீழ் ஆர்ம் (சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ்க் கை) இதற்கு மேல் இறங்காமல் பிடித்திருப்பது பல கார்களில் அந்த ஷாக்தான். ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றும் முன் ஆர்முக்கு அடியில் ஒரு ஜாக்கியை வைத்துத் தாங்குங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை, கார் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில் கடைசியாக இறுக்குங்கள், தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் எப்போதும் முறுகியே இருந்து கிழியும்.

கேள்வி: உயரம் குறைக்க ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டலாமா?

பதில்: வேண்டாம். சக்கரம் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தட்டை விட்டு நகரும், திரும்ப இறங்கும்போது சரியாக உட்காராது.

கேள்வி: ஏர் சஸ்பென்ஷன் பற்றியும் சொல்லுங்களேன்.

பதில்: அதில் எனக்குக் கைப்பழக்கம் இல்லை, தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: நடு நட்டை முதலில் லேசாகத் தளர்த்திவிட்டுக் கம்ப்ரஸர் மாட்டினால் என்ன?

பதில்: முதல் பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: திரும்பப் பூட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி, பிரிப்பதில் இருக்கும் அக்கறை பூட்டுவதில் பலருக்கும் இருப்பதில்லை. பிரிக்கும்போதே ஒவ்வொரு பாகத்தையும் கழன்ற வரிசையில் ஒரு துணியில் அடுக்கிப் படம் எடுத்து வையுங்கள். டாப் மவுண்ட் பேரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரத்தால் இப்போதே மாற்றிவிடுங்கள், இதற்காக இன்னொரு முறை எல்லாவற்றையும் பிரிப்பது வீண். பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கும்போது அடியைத் தாங்கும் மெத்தைத் துண்டு) பொடிந்திருந்தால் அதுவும் புதிது. புது ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுதாக அமுக்கி இழுங்கள், படுக்க வைத்திருந்தபோது உள்ளே புகுந்த காற்று வெளியேறும்.

ஸ்பிரிங்கின் கீழ் நுனி, தட்டில் உள்ள படியில் முட்டி உட்கார வேண்டும். கம்ப்ரஸரைத் தளர்த்தும்போது இதைத்தான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் விலகியிருந்தால் திரும்ப இறுக்கித் திருத்துங்கள். நடு நட்டு எப்போதும் புதிது. அதை டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் ரெஞ்ச்), உங்கள் கார் மேனுவலில் உள்ள அளவுக்கு முதலில் இறுக்குங்கள், கம்ப்ரஸரை அதன் பிறகே விடுங்கள். கடைசியில் வீல் அலைன்மென்ட்.

கேள்வி: இவ்வளவு தொல்லைக்கு ஸ்பிரிங்கோடு சேர்ந்த முழு அசெம்ப்ளியே வாங்கிவிட்டால்?

பதில்: உங்கள் காருக்குக் கிடைத்தால், ஸ்பிரிங்கும் பழசாகியிருந்தால், தாராளமாக. மூன்று நட்டு, இரண்டு போல்ட், வேலை முடிந்தது. கம்ப்ரஸர் தேவையே இல்லை. பழையதை அப்படியே விட்டுவிடுங்கள், உதிரிக்காகப் பிரிக்க வேண்டாம். கேஸ் ஷாக்கை வெட்டவோ சூடுபடுத்தவோ கூடாது, உள்ளே அழுத்தம் இருக்கிறது.

கேள்வி: மாட்டிவிட்டேன். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வருகிறது.

பதில்: ஸ்பிரிங் தட்டோடு சேர்ந்து திரும்பாமல், மாட்டிக்கொண்டு பிறகு துள்ளுகிறது. பேரிங்கைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள், அல்லது ஸ்பிரிங் நுனி படியில் உட்காரவில்லை. பானெட்டைத் திறந்து, ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டாப் மவுண்ட் மேல் விரலை வையுங்கள், துள்ளல் விரலுக்கே தெரியும். தெரிந்தால் திரும்பக் கழற்றத்தான் வேண்டும், மூன்று நட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.