மரப்பலகை முகப்பும் தீ அபாயமும்: அடுக்குமாடிச் சங்கத்துக்கு ஓர் ஆலோசனை

கேள்வி: கோவை சரவணம்பட்டியில், கீழே வாகன நிறுத்தமும் அதற்கு மேல் ஐந்து தளங்களும் கொண்ட எங்கள் குடியிருப்பின் முன்புறச் சுவர் முழுவதும் பைன் மரப்பலகை பதிக்கச் சங்கம் தீர்மானித்துள்ளது. தீத்தடுப்புப் பூச்சு அடித்துத் தருவதாகவும், அதன்பின் அஞ்ச வேண்டியதில்லை என்றும் ஒப்பந்ததாரர் சொல்கிறார். அந்தப் பூச்சு போதுமா?

பதில்: போதாது. பலகையின் முகத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், அதற்குப் பின்னால் இருக்கும் பெரிய அபாயம் கண்ணில் படாமலே போய்விடும்.

மரப்பலகையைச் சுவரோடு ஒட்டிப் பதிப்பதில்லை. சுவரில் ரீப்பர் கட்டைகளை அடித்து அவற்றின் மேல்தான் பொருத்துவார்கள்; மழைநீர் வடியவும் மரம் காயவும் இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாக வேண்டும். அடியிலிருந்து உச்சிவரை தடையின்றி ஓடும் அந்த இடைவெளி, தீப்பிடித்தால் புகைபோக்கியாகிவிடும். சூடான காற்று மேலே ஏற ஏற அடியிலிருந்து புதுக்காற்று இழுக்கப்படும். அந்த ஒடுங்கிய வழிக்குள் அகப்பட்ட சுவாலை, திறந்தவெளியில் எழும் உயரத்தைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு வரை நீளக்கூடும். தீயணைப்பு வீரர்கள் பீய்ச்சும் நீரோ பலகையின் முகத்தில் பட்டு வழியும். உள்ளே எளிதில் எட்டாது.

தடித்த மரம் மெதுவாகவே எரியும் என்று சங்கக் கூட்டத்தில் யாரேனும் சொல்லக்கூடும். பெரிய உத்திரத்துக்கு அது உண்மை: நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் அளவில்தான் பைன் போன்ற மரம் கரியாகும். அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கும். இருபுறமும் காற்றுப்படும் 20 மில்லிமீட்டர் பலகைக்கு அந்தக் கணக்கு உதவாது.

பூச்சைப் பொறுத்தவரை, தூரிகையால் பூசியதா, ஆலையில் அழுத்தமூட்டி மரத்தின் உள்ளே ஏற்றியதா என்பதை முதலில் கேளுங்கள். தீத்தடுப்பு உப்புகள் பலவும் நீரில் கரைபவை. சில பருவமழைகளில் கசிந்து வெளியேறிவிடும். ஆகவே வெளிப்புறப் பயன்பாட்டுக்கென, மழையிலும் வெயிலிலும் வைத்துச் சோதித்த பின்னரும் தீத்தரம் குறையவில்லை என்ற சான்றிதழ் வேண்டும். 'ஏ' (எரியாதது) முதல் 'எஃப்' வரை செல்லும் ஐரோப்பியத் தீ வகைப்பாட்டில் சாதாரண மரம் பெரும்பாலும் 'டி' வகை. நன்கு பதப்படுத்தினால் 'பி' வரை உயரும். அப்போதும் அது எரியும் பொருளே. இங்கிலாந்தில் 2018 டிசம்பர் முதல், 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருட்களுக்குத் தடை வந்ததால், அங்கே மரப்பலகைக்கு இடமில்லாமல் போயிற்று. அந்த உயரத்துக்குக் கீழே அபாயம் இல்லை என்று கொள்ளவும் முடியாது. 2019 ஜூன் 9 அன்று கிழக்கு லண்டனில் பார்க்கிங் (Barking) என்ற ஊர்ப்பகுதியில், மரத்தாலான பால்கனிகள் வழியாகத் தீ பரவி வீடுகளை அழித்த கட்டடம் ஆறு மாடிதான். நல்வாய்ப்பாக உயிரிழப்பு இல்லை.

தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் 18.30 மீட்டருக்கு மேற்பட்டவற்றையே உயர்மாடிக் கட்டடம் என்கின்றன. தங்களுடையது அந்த உயரத்துக்குள் அடங்கும் வாய்ப்பே அதிகம் என்பதால், உயர்மாடிகளுக்கான கண்டிப்பான நிபந்தனைகள் பொருந்தாமல் போகலாம். எல்லையைச் சங்கமே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

என் கருத்தில் முழு முகப்புக்கும் மரம் வேண்டாம். தங்கள் கட்டடத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது கீழேயுள்ள வாகன நிறுத்தம். அங்கே ஒரு வண்டி எரிந்தால் சுவாலை முதலில் தொடுவது முதல் தளத்துப் பலகையைத்தான். பால்கனி ஓரங்களில் ஏசி வெளியலகுகளின் ஒயர் இணைப்புகள் உள்ளன. தீபாவளி ராக்கெட்டும் பலகை இடுக்கில் செருகக்கூடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றைக் கோவையில் இருப்போருக்குச் சொல்லத் தேவையில்லை. மரத் தோற்றம்தான் விருப்பம் என்றால், மரவரி பதித்த சிமென்ட் ஃபைபர் போர்டில், எரியாத் தரச் சான்று உள்ளதை ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டத்தில் பொருத்தலாம். செலவு கருதி மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைக்கோ, பிளாஸ்டிக் உள்ளீடு கொண்ட அலுமினியத் தகட்டுக்கோ மாறிவிடாதீர்கள். 2017இல் 72 உயிர்களைப் பறித்த லண்டன் கிரென்ஃபெல் கோபுரத் தீ வேகமாகப் பரவியது அத்தகைய அலுமினியத் தகட்டின் பாலிஎத்திலீன் உள்ளீட்டால்தான்.

மரம் கட்டாயம் வேண்டுமென்றால், வாகன நிறுத்தத்துக்கு மேலேயும், மாடிப்படி, ஜன்னல், பால்கனி ஆகியவற்றை ஒட்டியும் விட்டுவிட்டு, ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்குத் தொடராத சிறு பரப்புகளில் மட்டும் பதியுங்கள். ஒவ்வொரு பரப்பின் மேல், கீழ், பக்க விளிம்புகளிலும் இடைவெளித் தடுப்பு அவசியம்: பக்கங்களில் ராக் வூல் (எரியாத பாறையிழைப் பஞ்சு) போதும், மேல், கீழ் விளிம்புகளிலோ, சூடுபட்டால் உப்பி இடைவெளியை மூடும் பட்டை வேண்டும், அப்போதுதான் மற்ற நாட்களில் காற்றோட்டம் கெடாது. பின்னால் தெர்மோகோலோ ஃபோமோ வைக்கக் கூடாது.

இத்தடுப்புகள் பலகை ஏறியபின் கண்ணுக்குத் தெரியா. எனவே பலகை பொருத்துவதற்கு முன், ஒப்பந்ததாரரைச் சாராத பொறியாளர் ஒருவர் ஒவ்வொன்றையும் பார்த்துப் படமெடுத்துக் கையொப்பமிட்ட பிறகே அடுத்த தவணையைத் தருவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.