அந்த விருந்துக்குப் போகலாமா?

தாராளமாகப் போங்கள். விபத்தில் பிழைத்த யூத நண்பர் நன்றி விருந்து வைக்கிறார், அவ்வளவாகப் பழகாத என்னையும் ஏன் கூப்பிட்டார் என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டம் சேர்ப்பதுதான் அங்கே விஷயமே.

எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில், ஆபத்திலிருந்து தப்பியவர் 'தோடா' என்ற நன்றிப் பலி கொடுப்பார். ஓர் ஆடோ மாடோ, கூடவே 40 ரொட்டி. அதில் நாலு ரொட்டி ஆலயக் குருக்களுக்குப் போக மீதி 36 ரொட்டியையும் இறைச்சியையும் அன்று நள்ளிரவுக்குள் தின்று தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு எடுத்து வைக்கக் கூடாது. ஒரு வீட்டு ஆட்களால் முடிகிற காரியமா? தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லிக்கொண்டே பரிமாறத்தான் இந்த அவசரம் என்று உரையாசிரியர்கள் சிலர் விளக்குகிறார்கள். (இன்றைக்கும் எபிரேயத்தில் நன்றிக்குத் 'தோடா'தான்.)

அப்புறம், என்ன கொண்டுபோவது என்றீர்களே. வீட்டில் சமைத்தது வேண்டாம். அவர் கோஷர் (யூத மத உணவு விதிகள்) பார்ப்பவராக இருந்தால் உங்கள் பாத்திரத்தில் செய்த கேசரியைக்கூடத் தொட முடியாது, அவருக்குத்தான் சங்கடம். பூ போதும். அவர் விபத்துக் கதையை ஆரம்பித்தால் மட்டும் பேச்சை மாற்றாதீர்கள், முழுசாகக் கேளுங்கள்.