வலி நின்றுவிட்டது, ஈறு வீங்குகிறது

கேள்வி: என் கணவருக்கு வயது 46. சர்க்கரை இருக்கிறது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் சொத்தை. மூன்று வாரத்துக்கு முன் ராத்திரி முழுக்கத் தூங்கவிடாத வலி. கிராம்புத் தைலம் வைத்தார், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டார். வலி நின்றுவிட்டது. இப்போது அந்த இடத்தில் ஈறு வீங்கி, பரு போல ஒன்று வருகிறது, உடைகிறது, மறுபடி வருகிறது. "வலிதான் இல்லையே, பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்" என்று டாக்டரிடம் வர மறுக்கிறார். அப்படியே விட்டுவிடலாமா?
– வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: விட்டுவிடாதீர்கள், சகோதரி. இந்த வாரமே அழைத்துப் போங்கள்.

பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் சேர்ந்த மெல்லிய சதை இருக்கிறது. சொத்தை அதைத் தொட்டதும் அது வீங்கப் பார்க்கும். சுற்றிலும் கெட்டியான பல், வீங்க இடமே இல்லை. அதனால்தான் அவ்வளவு வலி. படுத்தால் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடுவதால் ராத்திரியில் இன்னும் அதிகம். கொஞ்ச நாளில் அந்த நரம்பு செத்துவிடும், வலியும் நின்றுவிடும். கிருமி மட்டும் போகாது. வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும். அந்தச் சீழ் தனக்கென்று போட்டுக்கொண்ட வழிதான் நீங்கள் சொல்லும் பரு. அதை ஊசியால் குத்த வேண்டாம்.

கண் பற்றிய பயத்தை இருபது வருடமாகக் கேட்டுவருகிறேன். பயப்படுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. பல் பிடுங்க வருகிறவர்களில் பலர் நாற்பதைத் தாண்டியவர்கள். வெள்ளெழுத்து வருவதும் அதே வயதில்தான். பிடுங்காதவர்களுக்கும் அது வரும். பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. கீழ்த்தாடைக்கு வரும் கிளை கண் பக்கமே போவதில்லை. அதோடு, பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. எக்ஸ்ரே பார்த்து, பல் தாங்கும் என்றால் ரூட் கெனால் செய்து காப்பாற்றலாம்.

சர்க்கரைதான் எனக்குக் கவலை. சர்க்கரை கூடினால் ஈறுத் தொற்று சீக்கிரம் ஆறாது. தொற்று இருந்தால் சர்க்கரையும் சொன்ன பேச்சு கேட்காது. வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் தொடர்ந்து போட்டால் சிறுநீரகத்துக்கும் கெடுதல். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். உள்ளே செத்த நரம்பு இருக்கும்வரை அது வீக்கத்தைக் கொஞ்ச நாள் அடக்கும், அவ்வளவுதான். டாக்டரைப் பார்க்கும்வரை, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு வாய் கொப்பளிக்கட்டும். கன்னத்தில் சூடு ஒத்தடம் கொடுக்காதீர்கள். கிராம்புத் தைலம் ஈறில் பட்டால் புண்ணாகும்.

லாரி ஓட்டும் ஒருவர் இப்படித்தான் வலி நின்றதென்று மாதக்கணக்கில் விட்டிருந்தார். ஒருநாள் சாயங்காலம் வந்தபோது தாடைக்குக் கீழே கழுத்துவரை கல் போல வீக்கம். வாய் ஒரு விரல் அளவுதான் திறந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். நாக்குக்கு அடியிலும் வீங்கி, நாக்கு மேலே எழும்பியிருந்தது. கிளினிக்கில் வைத்துப் பார்க்கும் நிலையே இல்லை. ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே கழுத்தைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

அதனால் காய்ச்சல், வாய் திறக்காமை, தாடைக்கு அடியில் வீக்கம், விழுங்கச் சிரமம் இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். குரல் மாறினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே 108.

செலவு யோசனை என்றால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. காலையில் வழக்கம்போல் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டாம். கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டும், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும் உங்கள் பையில் இருக்கட்டும்.