மெல்லிய லென்ஸுக்குப் பல மடங்கு விலை கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு இரு கண்களிலும் மைனஸ் 6 பவர். சாதாரண பிளாஸ்டிக் லென்ஸைவிட 1.74 ‘ஹை இண்டெக்ஸ்’ லென்ஸில் பார்வை கூடுதல் தெளிவாக இருக்கும் என்று சொல்லிப் பல மடங்கு விலை கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: தெளிவுக்காக என்றால் வேண்டாம், தடிமன் குறைவதற்காக என்றால் யோசிக்கலாம்.

கிட்டப்பார்வைக்கு அணியும் மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருக்கும் குழிலென்ஸ் ஆகும். அதில் நுழையும் இணைக்கதிர்கள் தடித்த ஓரத்தின் பக்கம் வளைந்து விரிகின்றன. பிளஸ் லென்ஸிலோ தடித்த நடுப்பகுதியை நோக்கி வளைந்து குவிகின்றன. (கையில் இருப்பது எது என்று தெரியாவிட்டால், கண்ணாடியைக் கண்ணுக்குச் சற்று முன்னால் பிடித்து, அதன் வழியே தொலைவில் உள்ள கதவின் விளிம்பைப் பார்த்தபடி பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். விளிம்பு கூடவே நகர்ந்தால் மைனஸ். எதிர்ப்பக்கம் ஓடினால் பிளஸ்.)

ஒளி எவ்வளவு வளையும் என்பதை லென்ஸ் செய்த பொருளின் ஒளிவிலகல் எண்ணும் அதன் பரப்புகளின் வளைவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. சாதாரண பிளாஸ்டிக்கின் எண் சுமார் 1.50. 1.74 எண் கொண்ட பொருள் ஒளியை அதிகம் வளைப்பதால், அதே பவருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வளைவே போதும், ஓரமும் மெலியும், பவர் மாறுவதில்லை. சொல்லப்போனால், நிறங்களைப் பிரிக்காமல் கடத்துவதைக் குறிக்கும் அபே எண் சாதாரண பிளாஸ்டிக்குக்கு 58 அளவிலும் 1.74-க்கு 33 அளவிலும் இருப்பதால், ஓரத்தின் வழியே பார்க்கும்போது வெளிச்சமான சன்னலின் விளிம்பில் நீலமோ ஆரஞ்சோ கசிந்தாற்போல் தெரிவதற்கு விலை உயர்ந்த லென்ஸில்தான் வாய்ப்பு அதிகம்.

கடைக்காரர்கள் அதிகம் சொல்லாத ஒன்று, ஓரத்தின் தடிமன் லென்ஸின் அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது என்பது. 50 மி.மீ. அகல லென்ஸில் உங்கள் பவருக்குச் சாதாரண பிளாஸ்டிக்கின் ஓரம் நடுவைவிடச் சுமார் 3.8 மி.மீ. தடித்திருக்கும், 1.74 என்றால் அது 2.5 ஆகும். ஆனால் 40 மி.மீ. அகலமுள்ள சிறிய, வட்டமான ஃபிரேமில் சாதாரண பிளாஸ்டிக்கே 2.4 மி.மீ. அளவில் நின்றுவிடும். கருவிழி லென்ஸின் நடுவில் அமையும்படி ஃபிரேமைத் தேர்ந்தெடுத்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும்.

பெரிய ஃபிரேம்தான் வேண்டுமென்றால் 1.74 வாங்குங்கள்; பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு இல்லாமல் மட்டும் வாங்காதீர்கள். பூச்சில்லாத சாதாரண பிளாஸ்டிக் ஒரு பரப்பில் ஒளியின் 4 சதவீதத்தைத் திருப்பியனுப்பும்போது, 1.74 ஏறக்குறைய 7 சதவீதத்தைத் திருப்பியனுப்புகிறது.