வகுப்பில் தலையாட்டும் தாதிய மாணவர்கள் வாட்டில் தடுமாறுகிறார்கள். எப்படிப் படிப்பிப்பது?

புதிதாக ரியூட்டராக வந்திருக்கிறீர்கள் என்றும், ஸ்லைட் போட்டு விளங்கப்படுத்தும்போது “விளங்குது மிஸ்” என்கிற பிள்ளைகள் நோயாளியின் கட்டிலருகே போனதும் உறைந்து நிற்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் திருகோணமலையில் வாட்டிலும் வகுப்பிலுமாகப் பல வருடங்கள் படிப்பித்தவள். என்னிடமிருந்த அதே பிழைதான் உங்களிடமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். விடையை நாமே முந்திச் சொல்லிவிடுகிறோம். பிள்ளை முடிவெடுக்க வேண்டிய இடத்தை நாம் பிடித்துக்கொள்கிறோம்.

2017 டெங்கு உங்களுக்கு நினைவிருக்கும். நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு சந்தேகத்தில் பதிவான வருடம். மார்ச்சில் எங்கள் மாவட்டத்துக் கிண்ணியா பட்ட பாட்டைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் ஒருநாள், காய்ச்சல் விட்ட ஒரு பையனின் பிரசரை ஒரு மாணவி எடுத்து 100/85 என்று சார்ட்டில் குறித்தாள். “எப்படியிருக்கு பிள்ளை?” என்று கேட்டேன். “நோர்மல் மிஸ், நூறு இருக்கு” என்றாள். தாயும் காய்ச்சல் விட்ட சந்தோசத்தில் வீட்டுக்குப் போகிற கதை கதைத்துக்கொண்டிருந்தா. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி, அதாவது நாடி அமுக்கம், 15தான். டெங்குவில் அது 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அதிர்ச்சி நிலை (ஷொக்), உடம்புக்கு இரத்தவோட்டம் போதாமல் உயிருக்கே ஆபத்தான கட்டம். கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிற நேரமில்லை அது. டொக்டரைக் கூப்பிட்டோம், சேலைன் ஏறியது, பையன் தப்பினான். ஆனால் அதற்கு முந்திய கிழமைதான் அதே மாணவிக்கு நாடி அமுக்கம் பற்றி ஒரு மணித்தியாலம் நான் விளங்கப்படுத்தியிருந்தேன். வரைவிலக்கணத்தைக் கேட்டால் பாடமாகச் சொல்வாள்.

அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை மாற்றினேன். பெயரில்லாத ஒரு சார்ட், நேரம் நேரமாக. காலை எட்டு மணிக்கு 110/70. இதைப் பார்த்து என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொருவரும் தாளில் எழுத வேண்டும். எழுதி முடியும்வரை பேச்சில்லை. பத்து மணிக்கு 105/75. திரும்ப எழுத வேண்டும். பிறகு பக்கத்துப் பிள்ளையுடன் கதைக்கலாம், மனம் மாறினால் பழையதை வெட்டாமல் கீழே புதிதாக எழுதலாம். பன்னிரண்டுக்கு 100/85. இடைவெளி 40, 30, 15 என்று சுருங்கி வருவதை வகுப்பில் யாராவது ஒருவர் கண்டுபிடித்துக் கத்துவார். நான் சொல்வதில்லை. “இப்ப நோயாளியின்ர எந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பீங்க?” என்று மட்டும் கேட்பேன். “கால், மிஸ். குளிர்ந்திருக்கும்” என்று வரும். டொக்டருக்கு எத்தனை மணிக்கு அறிவித்திருக்க வேண்டும் என்பதில் பிள்ளைகள் சண்டையே பிடிப்பார்கள். பிடிக்கட்டும். அந்தச் சண்டைதான் பாடம்.

கேள்வி கேட்டுவிட்டு நீங்கள் வாயைக் கட்ட வேண்டும். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். மூன்றாவது எண்ணிலேயே விடை சொல்ல நாக்குத் துடிக்கும். எனக்கு அதை அடக்கப் பழகவே நெடுநாள் எடுத்தது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடம் ஆங்கிலத்தில். ஆனால் நிலாவெளியிலிருந்து வருகிற கடற்றொழிலாளி ஐயா நெஞ்சைத் தடவிக்கொண்டு “வாயு குத்துது மகள்” என்றுதான் சொல்லுவார். அதை இரைப்பை அழற்சி என்று எழுதிவிட்டு நகர்ந்தால், மாரடைப்பு ஒன்று கையை விட்டுப் போகலாம். வியர்த்ததா, இடக்கைக்கோ தாடைக்கோ உளைவு போகுதா என்று அவருக்கு விளங்குகிற பேச்சில் கேட்கத் தெரிய வேண்டும். அதனால் என் வகுப்பில் முதலில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் தமிழில் யோசிக்கட்டும், சிங்களப் பிள்ளைகள் சிங்களத்தில். குறிப்பை ஆங்கிலத்தில் எழுதுவது அடுத்த வேலை. ஒருவர் நோயாளியாக நடிக்க மற்றவர் விசாரிக்கும் பயிற்சியில் மொழி மாற்றிச் சோடி சேர்ப்பேன். இந்த ஊர் வாட்டில் மூன்று சமூகத்தவரும் அடுத்தடுத்த கட்டிலில்தான் படுத்திருக்கிறார்கள்.

கனுலா (சேலைன் ஏற்ற நாளத்தில் போடும் மெல்லிய குழாய்) போடுவது போன்ற கைவேலைகளுக்கு, பெய்ட்டன் என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் நான்கு படி முறை நல்லது. முதலில் நீங்கள் பேசாமல் வழமையான வேகத்தில் செய்து காட்டுங்கள். பிறகு விளக்கத்துடன் மெதுவாக. மூன்றாவதில் பிள்ளை ஒவ்வொரு படியாகச் சொல்ல, நீங்கள் சொன்னபடி செய்யுங்கள். கடைசியில் பிள்ளை செய்யட்டும். நேரமில்லை என்று பலர் மூன்றாவதை விடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். கையில் இறுக்கிக் கட்டும் பட்டியான ரூர்னிக்கேயைக் கழற்ற மறந்தது அங்கேதான் பிடிபடும், நோயாளியின் கையில் அல்ல, பொம்மைக் கையில்.

திங்கட்கிழமைகளில் வெறும் தாளில் போன கிழமைப் பாடத்திலிருந்து ஐந்து கேள்வி, புள்ளியில்லாமல். ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் ஆய்வில் காட்டியதுதான்: திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் முந்தினார்கள், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு கிழமை கழித்து முந்தினார்கள். தாதிக்குத் தேவை அந்த ஒரு கிழமைக்குப் பிறகான நினைவு.

முதல் மாதம் “மிஸ் படிப்பிக்கிறேல்ல, கேள்விதான் கேக்கிறா” என்று முறைப்பாடு வரும். எனக்கும் வந்தது, மேலிடம்வரை போனது, மனம் நொந்தேன். 2019இல் ஹார்வர்டின் பௌதிகவியல் வகுப்புகளில் செய்த ஆய்விலும் இதேதான்: தாங்களே முயன்று கற்ற மாணவர்கள் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள், சோதனையிலோ கூடப் புள்ளி எடுத்தார்கள். இதை முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள், உங்களுக்கு மேலே இருப்பவருக்கும் சொல்லுங்கள். நான் சொல்லாமல் தொடங்கியதால்தான் அந்த மாதம் அவ்வளவு கஷ்டப்பட்டேன்.