மழையில் இறுகிய மடக்குக் கத்தி: வெளியே செதுக்கும் முன் உள்ளே பாருங்கள்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பிரான்சில் வேலை பார்க்கும் அவருடைய அத்தான் மரப்பிடி போட்ட ஒரு மடக்குக் கத்தியை வாங்கிவந்து கொடுத்தாராம். ஒப்பினெல் என்ற பிரெஞ்சுக் கத்தி, எட்டாம் எண், கார்பன் எஃகு அலகு. வாழைத் தோட்டத்தில் மழையில் நனைந்த மறுநாள் அலகு பிடிக்குள் இறுகிவிட்டது. நகம் கொடுத்து இழுத்தாலும் வரவில்லை. “பிடியை என் கைக்குத் தகுந்தபடி செதுக்கிக் கறுப்பு நிறம் ஏற்ற வேண்டும். மேலே வார்னிஷ் அடித்துவிட்டால் இனி ஊறாதுதானே? அல்லது அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்பு கடைபவர்களிடம் கொடுத்து அரக்குப் பூசலாமா?” என்று கேட்கிறார்.

வார்னிஷும் வேண்டாம், அரக்கும் வேண்டாம். கத்தி இறுகியது வெளிப்புறத்தால் அல்ல. அலகு படுத்திருக்கும் அந்த ஒடுங்கிய பிளவின் உட்சுவர் பூச்சில்லாத வெறும் மரமாகத் திறந்து கிடக்கிறது. ஈரம் அங்கேதான் ஏறுகிறது. இந்தக் கத்திகள் கடையிலிருந்து வரும்போதே பிடியின் வெளியே மெல்லிய வார்னிஷ் பூச்சு இருக்கும். உங்கள் கத்திக்கும் இருந்திருக்கும். அது காப்பாற்றவில்லை அல்லவா?

மரத்தின் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். பிடி பீச் என்ற ஐரோப்பிய மரம். பச்சை மரம் முழுக்க உலரும்போது, ஆண்டு வளையங்களின் போக்கில் பீச் ஏறக்குறைய 12 விழுக்காடு சுருங்கும். தேக்கு அதில் பாதிகூட இல்லை. நம் ஊர் ஆசாரிகள் கதவு நிலைக்குத் தேக்கைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சுருங்குகிற மரம் ஈரம் கண்டால் அதே வேகத்தில் உப்பும். 1890-ல் ஜோசப் ஒப்பினெல் பிரான்சின் சவோயா மலைநாட்டு உழவர்களுக்காகச் செய்த கத்தி இது; அங்கே எளிதாகக் கிடைக்கிற, நன்றாகக் கடைய வருகிற மரம் பீச். குறை சொல்ல ஒன்றுமில்லை. தாமிரபரணிக் கரையின் ஈரத்துக்கு நாம்தான் அதைப் பழக்க வேண்டும்.

முதலில் அலகை வெளியே எடுங்கள். குறடு போட்டு இழுக்காதீர்கள். அலகின் விளிம்பு சிதையும். நிழலில் மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். அடுப்பருகே வைத்தால் மரம் வெடிக்கும். பிறகு பூட்டு வளையம் திறந்த நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பிளவு கீழே பார்க்கும்படி பிடித்து, பிடியின் வால் முனையை மேசை ஓரத்தில் பட்டென்று தட்டுங்கள். பிடி நின்றுவிடும், அலகு நிற்காமல் நுனியை நீட்டும். விரல்கள் வளையத்தின் பக்கம் இருக்கட்டும். சவோயாக்காரர்கள் தலைமுறைகளாகத் தட்டுகிற தட்டு இது.

அலகு வந்ததும் நிமிர்த்திப் பூட்டுங்கள். 1955-ல் சேர்க்கப்பட்ட அந்தச் சுழலும் வளையம் இந்த வேலைக்குப் பெரிய துணை. கூர்விளிம்பைத் தடித்த துணியால் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். இப்போது பிளவை வெளிச்சத்தில் சாய்த்து, அச்சாணிக்குப் பக்கத்தில் உற்றுப் பாருங்கள். இரு சுவர்களிலும் விரல்நகம் அளவுக்கு ஓரிடம் மட்டும் பளபளவென்று அழுந்தியிருக்கும். அலகு கவ்விக்கொள்ளும் இடம் அதுதான். 180 எண் உப்புத்தாளை ஒரு மெல்லிய மூங்கில் சிம்பில் சுற்றி, அந்த இடத்தை மட்டும் பத்துப் பதினைந்து முறை தேயுங்கள், மடக்கிப் பாருங்கள், மறுபடி தேயுங்கள். அவசரப்பட்டு அகலமாக்கிவிட்டால் பங்குனி வெயிலில் அலகு தொளதொளவென்று ஆடும். எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

அடுத்து வெளிச் செதுக்கல். இங்கே உங்கள் விருப்பம்தான். ஆனால் ஒரு ஈர்க்குச்சியைப் பிளவுக்குள் விட்டு அது எவ்வளவு ஆழம், எங்கே முடிகிறது என்று அளந்து, வெளியே பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டைச் சுற்றி 3 மில்லிமீட்டர் மரமாவது நிற்க வேண்டும். உலோக வளையங்களை ஒட்டிய பகுதியில் அரம் படவே கூடாது. வால் பக்கம் தாராளமாகச் செதுக்கலாம். அரத்துக்குப் பிறகு 120, 180, 240 என்று உப்புத்தாள். பழைய வார்னிஷ் ஒரு பொட்டுகூட மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் அங்கே நிறம் பிடிக்காது. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் மரத்தின் நார் முள்முள்ளாக எழும்பும்; காய்ந்ததும் அதையும் தேய்த்துவிடுங்கள்.

கறுப்புக்குப் பெயிண்ட் வேண்டியதில்லை. நாட்டு மருந்துக் கடைக் கடுக்காய் போதும். கலம்காரித் துணியில் கறுப்பு ஏறுவதும் கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்துதான். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் நான்கைந்து நாள் ஊறவையுங்கள். வாயு வெளியேற வேண்டும், மூடியை இறுக்காதீர்கள். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் சுருள் இதற்கு உதவாது. பீச் மரத்தில் துவர்ப்பு குறைவு, அதனால் கடுக்காயை இடித்துக் காய்ச்சிய சாற்றை முதலில் இரண்டு முறை பூசிக் காயவிடுங்கள். மரம் இளமஞ்சளாக இருக்கும். அதன்மேல் ஆணித் தண்ணீரைத் தொட்ட தூரிகையை வைத்ததும், வைத்த இடத்திலிருந்து சாம்பல் நிறம் ஓடிப் பரவி, ஓரிரு நிமிடத்தில் கருநீலமாகி, பிறகு கறுக்கும். எத்தனை முறை செய்தாலும் அந்தக் கணத்துக்காக நான் காத்திருப்பேன். நிறம் மரத்துக்குள்ளேயே உண்டாவதால் பெயிண்ட் போல உரிந்து வராது.

அரக்கைப் பற்றி: அம்பாசமுத்திரத்துச் சொப்புகளின் அழகு, கடைசலில் மரம் சுழலும்போது உராயும் சூட்டில் அரக்கு இளகிப் படிவதால் வருவது. அலகு மாட்டிய, பிளவுபட்ட பிடியை அப்படிச் சுழற்ற முடியாது.

கடைசிக் காப்பு எண்ணெய். தேங்காயெண்ணெய் காயாது, கையில் பிசுபிசுக்கும். பெயிண்ட் கடையில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் கேளுங்கள், லின்சீட் ஆயில் என்றால் தெரியும். பூசி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒரு நாள் விட்டு மறுபூச்சு. இப்படி நான்கு முறை. பிளவின் உட்சுவருக்கும் வால் முனைக்கும் கூடுதலாக இரண்டு. அவை காய்ந்ததும் பிளவுக்குள் தேன்மெழுகைத் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும். சுருண்ட துணி தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கூர் போனால் மின்சாரச் சாணையில் கொடுத்துவிடாதீர்கள். நான் ஒருமுறை கொடுத்தேன். பொறி பறந்து முடிந்தபோது நுனி மயில்கழுத்து நீலமாகியிருந்தது. எஃகு சுமார் 300 டிகிரி சூட்டைத் தொட்டதன் அடையாளம் அது, பதம் போய்விட்டது. அதன் பிறகு அந்த நுனியில் கூர் நிற்கவே இல்லை. தண்ணீர் தெளித்த தீட்டுக்கல்லில், பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வில், கையால் தீட்டுங்கள். மாங்காய் நறுக்கி அலகு சாம்பல் பூத்தால் கவலை வேண்டாம், அது துரு அல்ல. தேய்த்து எடுக்காமல் துடைத்து மட்டும் வையுங்கள். செம்பழுப்பாகப் பொடி வந்தால்தான் துரு.

பிளவுத் தேய்ப்பை இப்போதே முழுதாக முடித்துவிட வேண்டாம். அலகு தடையில்லாமல் வருகிற அளவோடு நிறுத்துங்கள். ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் சட்டைப் பையில் வைத்திருந்து மடக்கிப் பாருங்கள். எங்காவது கவ்வினால், புதிதாகப் பளபளக்கும் அந்த இடத்தில் மட்டும் நாலு தேய்ப்பு, அதன்மேல் எண்ணெய், பிறகு மெழுகு.