ஐசியூவுக்குப் புதிதாக வந்த நர்ஸ் எதைப் படிப்பது?

மேடம், வணக்கம். ஆறு வருடம் பொது வார்டில் இருந்துவிட்டு ஐசியூவுக்கு மாறி மூன்று வாரம் ஆகிறது. தினமும் வீடியோக்கள் பார்க்கிறேன், தடிமனான புத்தகம் ஒன்றும் வாங்கிவிட்டேன். ஆனாலும் வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் கை ஓடவில்லை. எதை, எந்த வரிசையில் படிப்பது?
– ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள தங்கைக்கு,

புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும், ஆறு மாதம் கழித்து உதவும். முதலில் உங்கள் ஐசியூவில் உள்ள அதே மாடல் வென்டிலேட்டரின் கையேட்டை பயோமெடிக்கல் பிரிவில் கேட்டு வாங்கி, அலாரம் பற்றிய பகுதியை மட்டும் படியுங்கள்.

அலாரம் அடித்ததும் பார்வை நோயாளி மேல் போக வேண்டும். மார்பு ஏறி இறங்குகிறதா? ஆக்சிஜன் அளவு சரிகிறதா? சரிந்தால், உதவிக்குக் குரல் கொடுத்துக்கொண்டே வென்டிலேட்டரைக் கழற்றி, 100% ஆக்சிஜன் இணைத்த அம்பு பேகால் (கையால் அமுக்கும் மூச்சுப் பை) மூச்சு கொடுங்கள். (பீப், அதாவது மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் நிற்கும்படி வைக்கும் அழுத்தம் (PEEP), அதிகம் வைத்திருப்பவருக்கு பேகில் பீப் வால்வு வேண்டும். டூட்டி ஏற்கும்போதே பார்த்துவிடுங்கள்.) பேக் எளிதாக அமுங்கி நோயாளி தேறினால் கோளாறு பெரும்பாலும் கருவியிலோ சர்க்யூட்டிலோ இருக்கும். பேகை அமுக்கவே கடினமாக இருந்தால் ட்யூபையும் நுரையீரலையும் சந்தேகப்படுங்கள். உதட்டருகே ட்யூபின் செ.மீ. குறி நகர்ந்திருக்கிறதா, நோயாளி ட்யூபைக் கடிக்கிறாரா, சக்‌ஷன் கத்தீட்டர் தடையில்லாமல் இறங்குகிறதா? ஒரு பக்க மார்பு எழாமல் பீ.பி.யும் விழுந்தால் நியூமோதோராக்ஸாக (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது) இருக்கலாம், மருத்துவர் அந்த நிமிடமே வர வேண்டும். இந்த வரிசையை ஒரு சீனியருடன் காலிப் படுக்கையில் பத்து முறை செய்து பாருங்கள். வீடியோ பார்த்து இது கைக்கு வராது.

அடுத்தது சிரிஞ்ச் பம்ப். பீ.பி.யை ஏற்றும் மருந்தான நார்அட்ரினலினை 4 மி.கி. எடுத்து 50 மி.லி. ஆக்கினால் ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம். 60 கிலோ நோயாளிக்கு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் என்றால் மணிக்கு 360 மைக்ரோகிராம், அதாவது 4.5 மி.லி. ஆம்பூல் லேபிளைக் கட்டாயம் படியுங்கள். 2 மி.கி. பைடார்ட்ரேட் (இந்த மருந்தின் உப்பு வடிவம்) என்பது 1 மி.கி. நார்அட்ரினலின்தான். கம்பெனி மாறும்போது இதைக் கவனிக்காவிட்டால் டோஸ் பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஆகிவிடும். உங்கள் ஐசியூ எதைக் கணக்கில் எடுக்கிறது என்று ஃபார்மசிஸ்டிடம் கேட்டு எழுதிவையுங்கள். இந்த மருந்தின் வேலை சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்பதால், சிரிஞ்ச் முடியும் முன்பே அடுத்தது தயாராக இருக்க வேண்டும். அதே லைனில் வேறு மருந்து போட்டு ஃப்ளஷ் செய்யவே கூடாது. குழாயில் நிற்கும் நார்அட்ரினலின் மொத்தமாக உள்ளே போய் பீ.பி. எகிறும்.

ஆர்ட்டீரியல் லைனுக்கு (தமனிக்குள் வைத்து பீ.பி.யைத் தொடர்ந்து அளக்கும் குழாய்) இரண்டே விஷயம். பிரஷர் பேகில் 300 மி.மீ. இருக்க வேண்டும், டிரான்ஸ்டூசர் (அழுத்தத்தை அளக்கும் சென்சார்) இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். 10 செ.மீ. கீழே தொங்கினால் பீ.பி. சுமார் 7 மி.மீ. கூடுதலாகக் காட்டும். படுக்கையை உயர்த்தும்போதெல்லாம் பாருங்கள்.

இணையத்தில் இசிஜிக்கு 'லைஃப் இன் த ஃபாஸ்ட் லேன்' தளம் போதும். கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு 'டிரேஞ்ச்ட் ஃபிசியாலஜி'. அது டாக்டர்களின் தேர்வுக்காக எழுதப்பட்டது, அதனால் அன்றைய சந்தேகத்துக்கான பக்கத்தை மட்டும் திறங்கள். 'சர்வைவிங் செப்சிஸ்' 2021 வழிகாட்டுதலில் பரிந்துரை அட்டவணையைப் படித்தால், சராசரி பீ.பி. 65 என்று ஏன் குறிவைக்கிறார்கள் என்பது புரியும். மூன்றும் இலவசம். ஆனால் வெளிநாட்டுத் தளத்தில் பார்த்த மி.லி. கணக்கை உங்கள் பம்பில் போடாதீர்கள், அவர்கள் கரைக்கும் அளவு வேறு. அமெரிக்கர்கள் நார்எபிநெஃப்ரின் என்பது இதே நார்அட்ரினலின்தான்.

கட்டணப் பயிற்சி என்றால் முதலில் ஏசிஎல்எஸ் (இதயம் நின்றால் செய்ய வேண்டிய மேம்பட்ட உயிர்காப்புப் பயிற்சி), மற்றவை பிறகு.

பயிற்சிக்கு ஒரு கணக்கு: 52 கிலோ நோயாளி, நார்அட்ரினலின் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.15 மைக்ரோகிராம், 50 மி.லி.யில் 8 மி.கி. மணிக்கு 2.9 மி.லி. வருகிறதா என்று போட்டுப் பாருங்கள்.